வலை கரையேறிய பிறகு வகுப்பு

அன்பு நிரோ அக்கா,

அரிப்புக் கிராமத்தில் எங்கள் சனிக்கிழமை வகுப்பை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். நீங்கள் இருந்திருந்தால் சிரித்துவிட்டுச் சண்டைக்குப் போயிருப்பீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கல்வியியற் கல்லூரியில், எங்கள் ஆசிரியப் பயிற்சியில் சமூக சேவையும் ஒரு பாடம் என்று விரிவுரையாளர் சொன்ன நாள் நினைவிருக்கிறதா? ஊருக்கு உதவிசெய்து, அதிலிருந்து நாங்களும் கற்கவேண்டுமாம். மற்றக் குழுக்கள் பள்ளிச் சுவருக்குப் பெயின்ற் அடித்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்பின. நாங்கள் வகுப்பு வைத்தோம். ஒரு பிள்ளையும் வரவில்லை. எல்லாரும் கடற்கரையில் கயிறு பிடித்துக் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் தாய் தகப்பன்மாரைத் திட்டினேன். நீங்கள் செருப்பைக் கழற்றினீர்கள். "தம்பி, கதைச்சது காணும். வந்து கயிறைப் பிடியும்."

வலை கரையேறியதும் வாடியின், அந்த மீனவர் கொட்டிலின், நிழலில் வகுப்பு. கயிறு பிடித்தவருக்கு மீனில் பங்கு உண்டு என்பது அந்தக் கரையின் வழக்கம். எங்களுக்கும் ஒரு கூறு சூடை மீன். பஸ்ஸில் யாரும் எங்கள் பக்கத்தில் இருக்கவில்லை.

நீங்கள் காய்ச்சலில் எங்களை விட்டுப் போன பிறகு விரிவுரையாளர் வந்தார். உங்கள் முகம் போட்ட பனர், இலவசக் கொப்பிகள், கமரா. பிள்ளைகளை வரிசையில் நிற்கச் சொன்னார். பிலோமினா அக்கா தன் மகள் ஜெசியை வரிசையிலிருந்து இழுத்துக்கொண்டார்.

"அந்தப் பிள்ளை செத்ததையும் படம் எடுக்கவோ வந்தனீங்கள்?"

அடுத்த கிழமை, பாடம் முடிந்தது, இனிப் போகத் தேவையில்லை என்று கல்லூரியில் சொன்னார்கள். யாருக்கு முடிந்தது? ஜெசி இன்னும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறாள். எங்களுக்குப் புள்ளி போட்டதும் முடிகிற சேவைக்கு எதற்கு அந்தப் பெயர்?

போன சனிக்கிழமை தனியே போனேன். பிலோமினா அக்கா முகம் கொடுக்கவில்லை. "உங்கட படிப்புத்தான் முடிஞ்சுதே. இன்னும் என்னத்துக்கு வாறீர்?"

செருப்பைக் கழற்றிவிட்டுக் கயிற்றைப் பிடித்தேன். வலை வந்து சேர்ந்தபோது உள்ளங்கை உரிந்திருந்தது. மீனைக் கூறு போட்டவர் எனக்கும் ஒன்று வைத்தார். பிலோமினா அக்கா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பி, "ஜெசி, புத்தகத்தை எடுத்துக்கொண்டு வா" என்றார்.

அக்கா, ஆசிரியர் நியமனம் எந்த ஊரில் கிடைக்குமோ தெரியாது. என்றைக்கும் வருவேன் என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் கல்லூரிக்கு அடுத்து வரும் மாணவர் அணியில் ஒருவரின் செருப்பையாவது கழற்றவைத்து, அந்தக் கயிற்றைக் கையில் கொடுக்காமல் அரிப்பை விட்டுப் போகமாட்டேன்.

பஸ்ஸில் மீன் மணத்தோடு உங்கள் பக்கத்தில் இருந்துவந்த தம்பி,
டிலக்சன்