வெள்ளிக்கிழமை இடம் மாறுவோம்

என் அஞ்சலைக்கு,

இதை எழுதுவது நானேதான். சிரிக்காதே. ஒரு வரி முடிப்பதற்குள் இரண்டு தடவை எழுந்து வாசலுக்குப் போய் வந்துவிட்டேன். இருப்புக் கொள்ளவில்லை.

நம் திண்டிவனம் மில்லுக்கு, மெட்ராஸில் வேர்க்கடலை என்கிறார்களே, அந்த மல்லாட்டையைக் கரண்டில் ஓடி உடைக்கும் புது மிஷின் வந்திருக்கிறது. அதை ஓட்ட மெட்ராஸிலிருந்து ஆள் வரவேண்டும் என்று ஒரே பிடியாக நிற்கிறார் மேனேஜர். அவர்கள் வந்தால் மிஷின் பக்கம் நம் ஆட்களுக்கு வேலை இல்லை. "இன்னிக்கு நம்ம ஜனங்க ஓட்டிக் காட்டட்டும், பார்க்கலாம்" என்றிருக்கிறார் முதலாளி.

ஓட்டப்போவது யார் தெரியுமா? மூட்டையில் பேர் எழுதுகிற குப்பம்மாள்! எல்லாம் நீ ஆரம்பித்து வைத்ததுதான். பருப்புப் பொறுக்கிக்கொண்டிருந்தவள், பழைய கைமிஷினைச் சுற்றிக்கொண்டிருந்த என்னை அத்தனை பேர் எதிரில் கூப்பிட்டாயே: "இன்னாய்யா, வூட்ல களி கட்டி தட்டினா மட்டும் கத்துற? உன் மிஷினு பாதிப் பருப்பை ஒடைச்சித் தள்ளுது. இங்க வந்து குந்திப் பொறுக்கிப் பாரு!"

உட்கார்ந்தேன். முதுகு விட்டுப்போயிற்று. எழுந்துபோய், பருப்பு நசுங்காதபடி மிஷினின் திருகாணியைத் தளர்த்தினேன். அதற்கப்புறம்தானே வெள்ளிக்கிழமை என்றால் எல்லோரும் இடம் மாறி வேலை செய்ய ஆரம்பித்தோம்? நீ போன பின்னும் அதை விடவில்லை. அப்படி மாறியதில் குப்பம்மாளுக்கு நான் மிஷினைக் காட்டினேன். அவள் எனக்கு எழுத்தைக் காட்டினாள்.

இன்றைக்குத் தப்பாகிப்போனால்? மில்லில் சங்கு ஊதுகிறது. வந்து மீதியை எழுதுகிறேன்.

வந்துவிட்டேன் அஞ்சலை.

முதல் கூடையைக் கொட்டினோம். பாதிக்குப் பாதி உடைசல். "நான்தான் சொன்னேனே" என்றார் மேனேஜர். ஓடிப்போய்த் திருகாணியைப் பிடிக்கப் பார்த்தேன். குப்பம்மாள் விடவில்லை.

"இரு பெரியப்பா, மொதல்ல பொறுக்கிப் பார்க்கிறேன்." நீ உட்காரும் இடத்தில் போய் உட்கார்ந்தாள். கை நிறைய அள்ளிப் பார்த்தாள். "பெரிய பருப்புதான் ஒடையுது. சின்னது முழுசா வருது. காயைப் பெருசு சிறுசா சலிச்சு, தனித்தனியாப் போடலாம். ஜல்தியா சல்லடை எடுங்க!"

அடுத்த கூடையில், பெரிய காய்க்குத் தகுந்த மாதிரி அவளே திருகாணியைத் தளர்த்தினாள். முழுப் பருப்பாகக் கொட்டியது. மேனேஜரே குனிந்து அள்ளினார். "இப்படிப் பார்க்க யார் கத்துக் குடுத்தது?"

"எங்க பெரியம்மா."

"அவங்களைக் கூப்பிடும்மா."

குப்பம்மாள் மேலே கையைக் காட்டினாள். எங்கே வந்து கூப்பிடுவது உன்னை?

மெட்ராஸ் ஆள் வேண்டாமென்று முதலாளி சொல்லிவிட்டார். வருகிற வெள்ளிக்கிழமை மேனேஜரும் வந்து பொறுக்குகிறாராம். உன் இடத்தைத்தான் கொடுக்கப்போகிறோம். பாவம், முதுகு விட்டுப்போகும். அவர் பாதியில் எழுந்துவிடாதபடி, நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறேன்.

உன் வீட்டுக்காரன்
ஏழுமலை