தூங்கின மதியத்துக்குப் போட்ட பூஜ்யம்

என் அன்புக் குண்டனுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், அப்பா சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் எப்போதும்போல் தனிக் கட்சி. நீ நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். அங்கே போய் இளைத்திருந்தாலும் எனக்கு நீ குண்டன்தான்.

பெரிய செய்தி, உன் அம்மா இப்போது டேட்டா சயின்ஸ் படிக்கிறாள். சிரிக்காதே. மகன் என்ன வேலை பார்க்கிறான் என்று கேட்பவர்களிடம் ஏழு வருஷமாக 'கம்ப்யூட்டர்ல ஏதோ' என்று மழுப்பி எனக்கே வெட்கமாகிவிட்டது. நூலகத்தில் சனிக்கிழமைதோறும் பயிலரங்கு என்று பலகை வைத்தார்கள், தையல் மெஷினை மூடிவைத்துவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டேன். சொல்லிக்கொடுக்கிற பெண்ணுக்கு உன் வயதுதான், மௌஸை நான் மேசையை விட்டே கீழே தள்ளினாலும் முகம் சுளிக்காத தங்கம். படிப்போடு ஊருக்கு உபயோகமாக ஒரு வேலையும் செய்யவேண்டுமாம். அந்த நேரம் பார்த்து, ஆஸ்பத்திரி வாசல் பஸ் நிறுத்தத்தில் ஆளே ஏறுவதில்லை, அதை எடுக்கப்போகிறோம் என்று போக்குவரத்து அலுவலகம் நோட்டீஸ் ஒட்டிவிட்டது. அது போனால் உன் அப்பா முழங்கால் சிகிச்சைக்காக வாரம் மூன்று நாள் மார்க்கெட்டில் இறங்கி மேடேறி நடக்கவேண்டும். அவராவது நடப்பதாவது, சிகிச்சையையே விட்டுவிடுவார், உனக்குத் தெரியாதா அவரை. அதனால் வகுப்பில் பன்னிரண்டு பேரும் முறைபோட்டு, இரண்டு வாரம் அங்கே ஏறுகிறவர்களை எண்ணினோம். எனக்கு மதியம் இரண்டு முதல் மூன்று.

நான் என்ன செய்தேன் தெரியுமா, நாலு நாள் சாப்பிட்ட மயக்கத்தில் வீட்டிலேயே கண்ணயர்ந்துவிட்டேன். எண்ணிக்கைத் தாளில் கட்டத்தைச் சும்மா விட்டால் சோம்பேறி என்பார்களே என்று நாலிலும் அழகாகப் பூஜ்யம் போட்டுவைத்தேன். சனிக்கிழமை அந்தப் பெண் எல்லாவற்றையும் சேர்த்துத் திரையில் வரைபடமாகக் காட்டினால், அந்த நாலு நாளும் மதியம் வந்ததும் கோடு தொப்பென்று விழுந்து கிடக்கிறது. பக்கத்தில் இருந்த பழைய தபால்காரர், 'ஆபீஸ்காரங்க சொன்னது சரிதான் போலிருக்கே' என்றார். எழுந்து நின்று, 'அங்க ஆள் இல்லாம இல்லம்மா, நான்தான் இல்ல, தூங்கிட்டேன்' என்று சொல்லித் தொலைத்தேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. 'பூஜ்யம்னா பார்த்தேன், யாரும் இல்லைன்னு அர்த்தம்மா. பார்க்காத நேரத்தைக் காலியா விட்டுடுங்க' என்றாள்.

நாலு பூஜ்யத்தையும் அழித்துவிட்டு, மறுவாரம் மதியம் மட்டும் திரும்ப எண்ணினேன். நான் தூங்காமல் பார்த்துக்கொள்ள உன் அப்பா நாற்காலியோடு வந்துவிட்டார். அவரும் எண்ணினார். தினமும் என் கணக்கைவிட ஒன்று கூட வருகிறதே என்று குடைந்து கேட்டால், பஸ்ஸில் ஏறாமல் உட்கார்ந்திருந்த தன்னையும் சேர்த்திருக்கிறார். 'ஏன், நான் மனுஷன் இல்லையா' என்று சண்டை வேறு. அவரைக் கணக்கிலிருந்து அடித்துவிட்டும் மணிக்கு இருபத்தாறு பேர் தேறினார்கள், எல்லாம் காலையில் ஆஸ்பத்திரிக்கு வந்து மதியம் திரும்புகிற நோயாளிகள். கணக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அலுவலக அதிகாரி தாளைப் புரட்டி, இந்த நாலு கட்டம் ஏன் காலி என்றார். தூங்கிவிட்டேன் ஐயா என்றேன். இதைச் சொல்றவங்க மத்ததையும் ஒழுங்காத்தான் எண்ணியிருப்பீங்க என்று சொல்லிவிட்டார். நிறுத்தம் இருக்கிறது, உன் அப்பாவும் முனகிக்கொண்டே போய்வருகிறார்.

இன்னொன்று. நீ போன் பண்ணுகிற ஞாயிற்றுக்கிழமைகளை அப்பா காலண்டரில் பென்சிலால் குறித்துவைப்பார் அல்லவா, போன ஐந்து ஞாயிறுக்கும் கோபத்தில் பூஜ்யம் போட்டிருந்தார். நேற்று ரப்பரை எடுத்து ஐந்தையும் அழித்துவிட்டேன். உனக்கு அங்கே என்ன வேலையோ, என்ன உடம்போ, நாங்கள் பார்க்கவில்லையே. எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய், ஆனால் அந்தக் கட்டங்கள் காலியாகவே இருக்கட்டும்.

நோய் நொடி இல்லாமல், மனசு நிறைந்து நீ நல்லா இருக்கணும், ராசா. இந்த ஞாயிறை மறந்துவிடாதே. அப்பா இப்போதே பென்சிலைச் சீவி வைத்துவிட்டார்.

இப்படிக்கு,
தூங்காமல் விழித்திருக்கும்
உன் அம்மா