ஏழு மணிக்குச் சாமுவேல்

பெப்ரவரி 8, ஞாயிறு

உறைமழை. பல்கனிக் கம்பி முழுக்கக் கண்ணாடி மாதிரி ஐஸ். உடுப்புத் தோய்த்தாயிற்று. பாண் இல்லை.

ஜோசப் விமான நிலையம் போகும் வழியில் வந்தார். ஆய்வுகூடத்தில் ஏழு வருடமாகப் பக்கத்து மேசை. கானாவில் தகப்பன் இறந்துவிட்டார். மூன்று வாரம் அங்கே. ஒரு கடித உறை தந்தார். உள்ளே சாவி.

விஷயம் இது. ஆபிரிக்காவிலிருந்து வந்து இங்கே தனியே இருக்கும் ஆண்கள், ஐந்து பேர். தினமும் காலையில் ஒருவர் அடுத்தவருக்குப் போன். இருக்கிறியோ? இருக்கிறன். அவ்வளவுதான். கடைசி ஆள் சாமுவேல், உகண்டாக்காரர், அறுபது தாண்டியவர், சீனி வருத்தம். அவருக்கு எடுப்பது ஜோசப்; அவர் திரும்பி வரும்வரை நான். பதில் வந்தால் வட்ஸப் குழுவில் ஒரு 'சரி' போட வேண்டும். மூன்று தரம் எடுத்தும் வராவிட்டால் குழுவுக்குச் சொல்ல வேண்டும்; யாராவது வீட்டுக்குப் போவார்கள். சாவி சாமுவேலின் வீட்டுடையது.

போன வருடம் இவர்களில் ஒருவர் அறைக்குள் நாலு நாள் கிடந்திருக்கிறார். இறந்து. அதற்குப் பிறகுதான் இந்த ஏற்பாடு.

"ஏன் நான்?"

"நீங்கள் ஒருநாளும் எதுக்கும் பிந்திறேல்லை."

அது ஒரு காரணமா? தகப்பனைப் பறிகொடுத்தவரிடம் மறுக்க முடியவில்லை.

பெப்ரவரி 9, திங்கள்

வெளியே -14. 6.50க்கு பிரான்சிஸ் எனக்கு எடுத்தார். கமரூன், டாக்சி ஓட்டுபவர், குழுவுக்குத் தலைவர் மாதிரி. வாய் ஓயாது. "மேடம், இருக்கிறீங்களோ? பல் விளக்கியாச்சோ?"

7.00 சாமுவேல். ஐந்தாவது மணியில் எடுத்தார். "இருக்கிறன், மகள்." நாற்பத்தொன்பது வயதில் மகள்!

சரி போட்டேன்.

பின்னேரம் அஜக்ஸிலிருந்து அக்காவின் போன். "முகம் தெரியாத ஆம்பிளையளுக்கு விடியக்காலமை போன் எடுக்கிறியோ? எனக்கு மாதத்தில ஒருக்கா எடுக்கப் பஞ்சி உனக்கு." உண்மை. கதையை மாற்றினேன்.

பெப்ரவரி 10, செவ்வாய்

மூன்று தரம். பதில் இல்லை. குழுவில் அவசரமாக எழுதியதில் எழுத்தெல்லாம் பிழை. குழுவில் இன்னொருவரான டானியல் வேலைக்குப் போகும் வழியில் திரும்பி சாமுவேலின் வீட்டுக்கு ஓடினார். சாமுவேல் துவாயோடு வாசலில், தலை முழுக்கச் சவர்க்காரம்.

ஒரே சிரிப்பு. பிரான்சிஸ்: "மேடம் கிழவனைக் குளிக்கவும் விடமாட்டா!" டானியல் வேலைக்குப் பிந்தினார்.

சிரிக்க அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனாலும் நாள் முழுக்கக் காது சுட்டது. என்னைப் பார்த்துச் சிரிப்பது எனக்குப் பிடிக்காது, சின்ன வயதிலிருந்தே.

பெப்ரவரி 11, புதன்

முதல் மணியிலேயே எடுத்தார். "குளிச்சிட்டன், மகள்." பால், வெங்காயம், பற்பசை வாங்க வேண்டும். பல் டொக்டருக்கு நாள் மாற்ற.

பெப்ரவரி 12, வியாழன்

12.10, சாப்பாட்டு அறை. காலையில் மூன்று தரம் எடுத்தேன். இல்லை. 7.20 பஸ். திரும்பவும் குளியல்தான் என்று நினைத்தேன். சரி போட்டுவிட்டு ஓடினேன்.

இப்போதும் எடுக்கவில்லை. அவருக்கு இரண்டு மணிக்குக் களஞ்சியத்தில் வேலை. வேலைக்குப் போகும் பஸ்ஸுக்குள் இரைச்சலாக இருக்கும்.

2.40. மணி போகிறது. எடுக்கவில்லை. அங்கே வேலை தொடங்கினால் போனைப் பெட்டிக்குள் பூட்டி வைப்பார்களாம். அப்படித்தான் இருக்கும். காலையில்? காலையில் ஏது வேலை?

நான் போட்ட சரியைப் பார்த்துவிட்டு ஒருவரும் தேடவில்லை. அவரவர் வேலையில் நிம்மதியாக இருக்கிறார்கள். சாவி என் கைப்பையில்.

ஆய்வுக்கு வந்த இரண்டு மாதிரியைத் தவறான தட்டில் வைத்துவிட்டேன்.

3.15. பிரான்சிஸுக்குப் போன் எடுத்துச் சொல்லிவிட்டேன்.

"காலமை சரி போட்டிருந்தீங்கள்தானே?"

"அவர் எடுக்கேல்லை. நான் போட்டிட்டன்."

"டாக்சியோட வாறன், வாசலுக்கு வாங்கோ. சாவியை எடுத்துக்கொண்டு."

பெப்ரவரி 13, வெள்ளி

நேற்று இரவு எழுத முடியவில்லை.

ரெக்ஸ்டேலில் சாமுவேலின் வீடு வரைக்கும் பிரான்சிஸ் வாயே திறக்கவில்லை. சாவி முதலில் துளைக்குள் போகவில்லை. என் கையிலிருந்து வாங்கி அவர் திறந்தார்.

குளியலறைத் தரையில். ஒரு கால் தப்பான பக்கம் திரும்பியிருந்தது. கண் திறந்தபடி. பிறகு இமைத்தது. அந்த இடைவெளியைப் பற்றி எழுதப் போவதில்லை.

அம்புலன்ஸ். தொடை எலும்பு முறிவு. இரத்தத்தில் சீனி நன்றாக இறங்கியிருக்கிறது. "இன்னும் பிந்தியிருந்தால்..." என்று தொடங்கிய டொக்டர், என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

ஆஸ்பத்திரியில் யார் எப்போது நிற்பது என்று குழுவில் பட்டியல். வேலைநேரம் மாற்றிக்கொள்கிறார்கள், சூப்புக் கொண்டுபோகிறார்கள். என் பெயர் பட்டியலில் இல்லை. குழுவிலிருந்து எடுக்கவும் இல்லை. இன்று 6.50க்கு பிரான்சிஸ் வழமைபோல எடுத்தார். "இருக்கிறீங்களோ?" "இருக்கிறன்." பல் விளக்கினேனா என்ற கேள்வி இல்லை.

பெப்ரவரி 14, சனி

பனி. பஸ் இருபது நிமிடம் தாமதம். திரும்பிப் போய்விடலாம் என்று இரண்டு தரம் நினைத்தேன்.

ஐந்தாம் மாடி. டானியல் கட்டிலோரத்தில் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். பிரான்சிஸ் யன்னலடியில். சாமுவேல் என்னைக் கண்டதும் கையை நீட்டினார். பிடித்தேன்.

"போன் மேசையில அடிச்சுது, மகள். எட்டேலாது. கிடந்தபடி எண்ணினன். மூண்டு. பிறகு நிண்டுது. சரி, மூண்டு முடிஞ்சுது, இனிக் கதவு திறக்கும் எண்டு பயம் போயிட்டுது. அதுக்குப் பிறகு ஒண்டும் தெரியாது. உடன வந்திட்டியள், என்ன?"

டானியல் தலை நிமிரவில்லை. பிரான்சிஸ் என்னைப் பார்த்தார், பிறகு வெளியே. நடந்ததை அவர்கள் அவரிடம் சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை. ஓம் என்று ஒரு சொல் போதும்.

"நாலு மணிக்குத்தான் வந்தனாங்கள்," என்றேன். "நீங்கள் எடுக்காமலே நான் சரி போட்டனான்."

கண்ணை மூடிக்கொண்டார். கையை இழுக்கவில்லை, பிடி மட்டும் தளர்ந்தது. போவதா, நிற்பதா? ஒருவரும் சொல்லவில்லை. கோட்டைக் கழற்றாமல் கதிரையில் இருந்தேன்.