கொழுப்பு மாத்திரை பற்றித் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

இந்த மாத்திரையைப் போட்டால் உனக்கு மாரடைப்பு வராமல் இருக்குமா என்று கேட்டிருந்தாய். எனக்குத் தெரியாது. உன் டாக்டருக்கும் தெரியாது. தெரியும் என்று அடித்துச் சொல்கிறவர்கள் நீ அனுப்பும் வீடியோக்களில்தான் இருக்கிறார்கள்.

இதைப் போனிலேயே பேசலாம். ஆனால் மாத்திரை என்று நான் வாயெடுத்தாலே நீ ஊரில் மழையா என்று விசாரிக்கத் தொடங்கிவிடுகிறாய். கடிதத்தில் உனக்கு அந்த வசதி இல்லை.

இங்கே எல்லோரும் நலம். உன் மருமகள் கார் ஓட்டப் பழகுகிறாள். உன் அத்தான் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டு வருகிறார்.

போன வாரம் உன் மனைவி பேசினாள். "அண்ணி, டாக்டர் எழுதிக் குடுத்து ரெண்டு மாசமாச்சு. அட்டைய இன்னும் பிரிக்கவே இல்ல. கேட்டா, அக்கா போட்டா நானும் போடறேன், அவ படிச்சவங்கறார்" என்றாள். அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நான் படித்தது மின்பொறியியல். அது உனக்கும் தெரியும்.

உன்னைப் போலவே சர்க்கரை உள்ள எனக்கும் அதே மாத்திரையைத்தான் எழுதிக் கொடுத்தார்கள். நான் டாக்டரிடம் வாதாடினேன். கெட்ட கொழுப்பு எல்லைக்குள்தான் இருக்கிறது, ரிப்போர்ட்டில் ஒரு நட்சத்திரக் குறிகூட இல்லை, பிறகு மாத்திரை எதற்கு என்றேன். "அந்த எல்லை எல்லாருக்கும் பொதுவாப் போட்டது. சர்க்கரை இருக்கறவங்களுக்கு ரத்தக்குழாய் சீக்கிரமே கெடும். நான் அந்த ஒரு நம்பரப் பாத்து எழுதலம்மா. உங்க வயசு, சர்க்கரை, பிரஷர், உங்க அப்பா போன விதம், எல்லாத்தையும் சேத்துதான் எழுதினேன்" என்றார். இந்த மாத்திரை சர்க்கரையை ஏற்றுமாமே என்றும் கேட்டேன். கொஞ்சம் ஏறலாம், ஆனால் மாரடைப்பும் பக்கவாதமும் குறைகிற லாபம் அதைவிடப் பெரிது என்றார். ஏறாது என்று மழுப்பாமல் சொன்னதால் அவர்மேல் நம்பிக்கை வந்தது.

எங்கள் தொழிற்சாலைச் சோதனைக்கூடத்தில் மின்விசிறிகளை வரிசையாக மாட்டி, பழுதாகும்வரை ஓட்டுவோம். பேரிங்கை மாற்றிய பிறகு, முன்பைவிட நிறைய விசிறிகள் நீண்ட நாள் ஓடின. அவற்றில் எது புதுப் பேரிங்கால் பிழைத்தது, எது எப்படியும் ஓடியிருக்கும் என்று எங்களால் சொல்ல முடியாது. பிழைத்த விசிறி வந்து நன்றி சொல்வதில்லை. அதற்காகப் பழைய பேரிங்கே போதும் என்று அங்கே யாரும் சொன்னதில்லை. உன் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இவ்வளவுதான்.

இனி, நீ நம்பும் படித்தவளின் கதையைக் கேள். மாத்திரை தொடங்கிய இரண்டாவது வாரம் தொடையெல்லாம் வலி. பெட்டிக்குள் இருந்த தாளைப் பிரித்தேன். தசைவலி வரலாம் என்று போட்டிருந்தது. சரிதான் என்று நானாகவே மாத்திரையை நிறுத்தினேன். டாக்டரிடம் சொல்லவில்லை. எங்கள் குடியிருப்பில் லிஃப்ட் பழுதானதும் அதே வாரம்தான். மளிகைப் பையோடு ஐந்து மாடி ஏறிக்கொண்டிருந்தேன்.

ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், இரண்டை மாற்றினால் அந்தச் சோதனை குப்பைக்குத்தான். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் பாடம் இது. மாத்திரையை நிறுத்திப் பல நாள் ஆகியும் வலி போகவில்லை. உன் அத்தான்தான் கேட்டார்: "மாத்திரைய நிறுத்தின, சரி. மாடிப்படிய நிறுத்தினியா? ஃபேனுக்குப் பாக்கற நியாயத்த உன் காலுக்கும் பாக்கக் கூடாதா?" கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு வாய்ப்புக்காகக் காத்திருந்திருக்கிறார். எதிர்வீட்டுக்காரரிடமும் சொல்லியாகிவிட்டது.

நாளை டாக்டரிடம் போய் நடந்ததைச் சொல்லப் போகிறேன். சிலருக்கு இந்த மாத்திரையால் உண்மையாகவே தசைவலி வரும். அப்படியிருந்தால் அளவைக் குறைப்பார்கள், அல்லது வேறு மாத்திரை தருவார்கள். என் கால் வலித்ததை வைத்து நீ முடிவு செய்யாதே. நாளை வலி நின்றுவிட்டால் அதை வைத்தும் செய்யாதே. நடப்பதாகவும் எண்ணெயைக் குறைத்ததாகவும் சொன்னாய். நல்லது, அதை விடாதே. ஆனால் டாக்டர் இரண்டும் வேண்டும் என்றால் இரண்டும்தான்.

அப்பாவைப் பற்றி நாம் பேசுவதில்லை. வேலைக்குக் கிளம்பும்போது ஷூ லேஸ் கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. முதலில் பார்த்தவன் நீ, பள்ளிச் சீருடையில். அவருக்குச் சர்க்கரை இருந்ததா என்று நமக்குத் தெரியாது. அவரும் சோதித்துப் பார்த்ததில்லை. நமக்கு அப்படியில்லை. முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள், கையில் மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள். அந்த அட்டையைப் பிரித்தால் நீயும் அவர் வழியில்தான் போகிறாய் என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று பயப்படுகிறாயோ என்று எனக்குத் தோன்றுகிறது. தவறாகவும் இருக்கலாம்.

நான் உனக்கு மூத்தவள். எல்லாம் பிறந்த வரிசைப்படியே நடக்கட்டும். வரிசையை மீறி நீ முந்திக்கொள்வதை என்னால் தாங்க முடியாது. உன் டாக்டரிடம் போ, கேட்க வேண்டியதையெல்லாம் அவரிடம் கேள். நீயும் உன் வீட்டாரும் நீண்ட நாள் நலமாயிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா

உறையை இன்னும் ஒட்டவில்லை. மறுநாள் நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது. "அடுத்த தடவை நிறுத்தறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணுங்க" என்று மட்டும் சொன்னார். தசைக்கான ரத்தப் பரிசோதனை செய்தார்கள். மாலையில் முடிவு வந்தது, கோளாறு ஏதும் இல்லை. அதே அளவில் மறுபடி தொடங்கச் சொன்னார், இரண்டு மாதம் கழித்துக் கொழுப்பைப் பார்க்க வேண்டுமாம். இரவு சாப்பிட்டதும் போட்டுக்கொண்டேன்.

காலையிலேயே உன் மனைவி கூப்பிட்டிருந்தாள். மாடிப்படிக் கதையை அவளிடம் சொன்னேன். ராத்திரி மறுபடியும் பேசினாள். நீ ரொம்ப நேரம் சிரித்தாயாம். "அக்காவே இப்படிப் பண்ணினா நான் யாரப் போய்க் கேக்கறது" என்றாயாம். பிறகு எழுந்து போய், நீயாகவே டாக்டருக்குப் போன் செய்தாயாம். வியாழக்கிழமை மாலை வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றாள்.