யாரைக் கேட்டு உட்கார்ந்தாய்?

என் வீட்டு மேலதிகாரிக்கு,

போனில் பேசினால் குரலை வைத்தே எல்லாவற்றையும் கறந்துவிடுவாய். அதனால்தான் கடிதம். நம் மகள் ஜீவிதாவுக்குப் பிரசவம் ஆகும்வரை நீ திருப்பூரிலேயே இரு. மில் மெஷினில் பட்டுக் கையில் சின்னக் காயம்தான்.

போன வருடம் ரைஸ் மில்லில் என்னைக் 'கான்ட்ராக்டர்' என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்களே, அதைக் கும்பகோணம் முழுக்கச் சொல்லி அலட்டினேனே! இப்போது அதுவே வினையாகிவிட்டது. தொழிலாளிக்குத்தான் இ.எஸ்.ஐ. வைத்தியமாம், கான்ட்ராக்டருக்குக் கிடையாதாம்.

நேற்று இ.எஸ்.ஐ. அதிகாரி மில்லுக்கே விசாரிக்க வந்தார்.

"இவரு எங்க ஆளு இல்லைங்க. இஷ்டத்துக்கு வருவாரு, போவாரு. நாங்க ஒண்ணும் கேக்கிறதில்லை" என்று முதலாளி தேனாய்ப் பேசினார்.

குறுவை நெல் வந்து குவிந்து கிடந்தது. எனக்கு நிற்கத் தெம்பில்லை. மெல்ல ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தேன். பழக்கதோஷம், மனுஷன் கத்திவிட்டார்:

"யோவ், யாரைக் கேட்டுய்யா உக்காந்தே? எந்திரி!"

அதிகாரி சிரித்தார். "அவரு உக்காரட்டுங்க" என்று சொல்லிவிட்டு, என்னைத் தொழிலாளி என்று எழுதிக்கொண்டார்.

திங்கட்கிழமை ஆபரேஷன். மிச்ச விரல்களைக் காப்பாற்றிவிடலாம் என்கிறார்கள்.

இப்படிக்கு,
உட்கார்ந்தே சம்பாதித்த
உன் வீட்டுக்காரன்