செப்டிக் டேங்க் பக்கம் மல்பெரி வேண்டாம்

அன்பு மகனுக்கு, அம்மா எழுதுகிறேன். நீயும் மருமகளும் வாலில்லாக் குரங்கான என் பேரனும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே என் முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, மற்றபடி மூச்சு ஓடுகிறது. எழுத்துக்கூட்டித்தான் எழுதுகிறேன், பிழை இருந்தால் சிரிக்காதே. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று பாதியில் வைத்துவிடுவாய், இது பாதியில் வைக்கிற விஷயம் இல்லை.

புது வீட்டுத் தோட்டத்தில் மல்பெரி வைக்கப் போகிறேன் என்றாய், நல்லது. எந்த இடம் என்று கேட்டால் "செப்டிக் டேங்க் ஓரமா, அங்கதாம்மா மண்ணு ஈரமா இருக்கு" என்றாய். பெரியப்பா நம் வீட்டு மரத்திலேயே குச்சி வெட்டி, ஈரத்துணியில் சுற்றி, ரயிலேறி வந்து தன் கையால் நட்டுத் தரப்போகிறார் என்றும் சொன்னாய். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

முதலில் மரத்தைச் சொல்லிவிடுகிறேன். மல்பெரியில் பூத்துவிட்டுச் சும்மா நிற்கிற ஆண் மரமும் உண்டு, உன் சின்ன மாமா மாதிரி, நிழல் தரும், வேறு எதற்கும் ஆகாது. அதனால் பழுத்ததைக் கண்ணால் பார்த்த மரத்தில்தான் குச்சி வெட்ட வேண்டும், பென்சில் கனம் போதும், இரண்டு கணு மண்ணுக்குள் போக வேண்டும். துணிக்கொடிப் பக்கம் வைக்காதே, அந்தக் கறை எந்தச் சோப்புக்கும் மசியாது. பழம் ஓய்ந்ததும் ஈவு இரக்கம் பார்க்காமல் கிளையை வெட்டிவிடு, இல்லாவிட்டால் மரம் ஏணிக்கும் எட்டாமல் போய்ப் பழமெல்லாம் பறவைக்குத்தான். வீட்டுச் சுவர், தண்ணீர்க் குழாய், செப்டிக் டேங்க் எதுவும் கிட்டத்தில் இல்லாத தூர மூலையில் வை. ஈரம் எங்கே என்று அதன் வேருக்கு மோப்பம் தெரியும், சிமெண்டில் மயிரளவு விரிசல் இருந்தால் உள்ளே புகுந்து கத்தை கத்தையாகப் படுத்துக்கொள்ளும்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். உன் அப்பா நெஞ்சுவலியில் போனார் என்று சொல்லித்தான் உன்னை வளர்த்தோம். இல்லை. நம் மரத்தை டேங்க் ஓரம் வைத்தது உன் பெரியப்பா, தன் கார் நிழலில் நிற்க வேண்டும் என்று. வேண்டாம் என்றேன். "உனக்கென்னம்மா தெரியும், பேசாம இரு" என்றார், அந்தச் சொல் இன்னும் என் காதில் அப்படியே கிடக்கிறது. வேர் உள்ளே போய் அடைத்து, கக்கூஸ் பொங்கியது. அவர் மகளுக்குக் கல்யாணம் பேச மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. கழிவு உறிஞ்சுகிற லாரியைக் கூப்பிடுங்கள் என்று கெஞ்சினேன். "லாரி வந்தா தெருவே மூக்கைப் பொத்தும், மானம் போயிடும். தம்பி, நீ மெக்கானிக்குதானே, இறங்கி ரெண்டு வேரை அறுத்துவிட்டா முடிஞ்சுது" என்றார். அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சு அறியாத மனுஷன், பஸ் டிப்போ அழுக்கில் ஊறிய கைதானே என்று சிரித்துக்கொண்டே ரம்பத்தோடு இறங்கினார். நான் கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே அறுக்கிற சத்தம் கேட்டது, பிறகு நின்றது. "என்னங்க" என்றேன். பதிலில்லை. நான் அலறியதும், மேலே நின்ற உன் பெரியப்பா ஓடினார், கயிற்றுக்குத்தான் ஓடுகிறார் என்று நினைத்தேன். ஓடிப்போய்த் தெருக்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். "கத்தாதம்மா, தெருவுக்குக் கேக்கும்" என்றார். அதற்குப் பிறகுதான் கயிறு தேடினார். உள்ளே விஷவாயு, வெளியே இழுத்தபோது எல்லாம் முடிந்திருந்தது. டாக்டர் வருவதற்குள் நான்தான் கழுவினேன், விரலிடுக்கெல்லாம் வேர்த்தும்பு. நெஞ்சுவலி என்று உன் பெரியப்பா சொன்னார், டாக்டரும் அதையே எழுதினார். மாப்பிள்ளை வீட்டார் மறுநாள் துக்கத்துக்குத்தான் வந்தார்கள், தம்பிக்காக என்னமாய் அழுகிறார் என்று அவரை மெச்சிவிட்டுப் போனார்கள்.

உன்னைப் படிக்கவைக்க அவரை விட்டால் நாதியில்லை, நாக்கைக் கடித்துக்கொண்டேன். படிக்கவைத்தார், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மரத்தை வெட்ட விடவில்லை, ஒவ்வொரு வருஷமும் முதல் பழத்தைக் கிண்ணத்தில் போட்டு எனக்கு அனுப்புகிறார். கறைக்குப் பயந்துதான் அம்மா தொடுவதில்லை என்று கேலி செய்வாயே, கறைக்குப் பயந்து இல்லையடா. இப்போது என் பயமெல்லாம் நீதான். டேங்க் அடைத்தால் சட்டையைக் கழற்றிவிட்டு இறங்குகிற அதே ரத்தம்தானே உனக்கும்.

பெரியப்பா வந்தால் மரியாதை குறைக்காதே, நாற்காலி போடு, வயிறாரச் சாப்பாடு போடு. குச்சியை வாங்குவதற்கு முன்னால் மட்டும் ஒன்று கேள், "அன்னிக்கு முதல்ல கயித்தைத் தேடினீங்களா, கதவைச் சாத்தினீங்களா?" கதவைத்தான் என்று அவர் வாயால் சொல்லிவிட்டால் வாங்கித் தூர மூலையில் நடு, பழுக்கும்போது நானே வந்து தின்கிறேன். மழுப்பினால் அந்த ஈரத்துணியோடு திருப்பிக் கொடுத்துவிடு.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், என் ஆயுசையும் சேர்த்து வாழுங்கள். பேரனை டேங்க் மூடிமேல் ஏறி விளையாட விடாதே. என்றைக்காவது அடைத்தால் லாரியைக் கூப்பிடு, தெருக்கதவை அகலத் திறந்து வை, தெரு மூக்கைப் பொத்தினால் பொத்தட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா