விற்பனைக்கு இல்லை

ஸ்கிப்டன்,
ஜூன் 11

அன்பு மகள் ரோஸ்லினுக்கு,

நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் பராமரிப்பு இல்லத்தை நடத்திய நிறுவனம் திவாலான செய்தி இதற்குள் நியூசிலாந்து வரை எட்டி, நீ சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பாய். சாப்பிடு. எங்களுக்கு நேற்றும் ஆட்டிறைச்சி வறுவல் கிடைத்தது, குழம்புதான் வழக்கம்போல் தண்ணீர்.

முதல் நாள் நானும் பயந்தேன், உன்னிடம் மறைப்பானேன். இல்லத்தை மூடினால் மறதி நோயுள்ள அம்மாவை ஓர் ஊருக்கும், நடமாடுகிற என்னை இன்னோர் ஊருக்கும் அனுப்பிவிடுவார்களோ என்பதுதான் என் கவலை. உள்ளூர் ஆட்சி மன்றமான கவுன்சிலிலிருந்து வந்த ஜானிஸ் என்ற பெண்ணிடம் சட்டத்தைக் கேட்டேன். பழைய வாத்தியார் புத்தி, வகுப்பில் சொல்வதுபோல் உனக்கும் சொல்கிறேன். சுற்றுலாப் பேருந்து நடுவழியில் நின்றுவிட்டால், பேருந்து முதலாளிக்கும் கடன்காரனுக்கும் உள்ள வழக்கு பிறகு. பிள்ளைகளுக்குச் சாப்பாடும் போர்வையும் உடனே வேண்டும் இல்லையா? அதுபோல, நடத்துபவர் நொடித்து இல்லத்தை நடத்த முடியாமல் போனால், புது ஏற்பாடு ஆகும்வரை எங்களைக் கவனிப்பது கவுன்சிலின் கடமை, இதுவரை யார் பணம் கட்டியிருந்தாலும் சரி. எப்படிக் கவனிப்பது என்பதை எங்களையும் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் அதே இல்லம், அதே அறை என்று சட்டம் வாக்குக் கொடுக்கவில்லை. அந்த இடம்தான் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

பிறகு நிறுவனத்தின் பொறுப்பை ஏற்ற நிர்வாகி, ப்ரையர் என்ற இளைஞர், பொருள்களைப் பட்டியல் எடுக்க வந்தார். நிறுவனத்தின் பொருள்கள்தான் கடன் கொடுத்தவர்களுக்குப் போகும், உங்கள் சொந்தப் பொருளை நான் தொடக்கூடாது என்று நல்லபடியாகத்தான் விளக்கினார். பக்கத்து அறை நோரா, நாற்பது வருடம் பேருந்தில் சீட்டுக் கிழித்தவள், விடுவாளா? சலவையில் மாறிப்போகாமல் இருக்க எங்கள் துணிகளில் தைப்பதற்கு வைத்திருக்கும் பெயர் நாடாவை ஆளாளுக்கு எடுத்து, கண்ணில் பட்டதிலெல்லாம் கட்டிவிட்டார்கள். பியானோ நோராவுடையது, பெரிய கெண்டி யாரோ இரண்டு பேருடையது, பூனைக்கு மூன்று உரிமையாளர்கள். "பாட்டி, பியானோவ நீங்க எப்பக் கொண்டு வந்தீங்க?" என்று ப்ரையர் கேட்டாராம். "கைப்பையிலதான் கொண்டாந்தேன் ராசா, எழுதிக்கோ" என்றாளாம் நோரா. பாவம், அவர் காதெல்லாம் சிவந்துவிட்டது.

பட்டியல் முடிந்து நாங்கள் தோட்டத்துக்குக் கிளம்பும்போது எனக்குக் கோட்டு மாட்டிவிட வந்த ப்ரையர் அப்படியே நின்றுவிட்டார். என் காலரின் உட்புறம் 'மேவிஸ் தோர்ப்' என்று அம்மாவின் பெயர் நாடா இருந்தது. உன் பள்ளிச் சீருடையில் தைத்தாளே, அதே பொடித் தையல். என் பெயரே சில நாள் அவளுக்கு நினைவில் இருப்பதில்லை, விரல்கள் மறக்கவில்லை போலிருக்கிறது. இது என்ன என்று அவர் குனிந்து கேட்க, அம்மா கோட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு, "இது என் ஆளு தம்பி. விக்கிறதுக்கு இல்ல" என்றாள். பக்கத்தில் நின்ற ஜானிஸ் சிரித்துக்கொண்டே தன் படிவத்தைத் திறந்தாள். என்ன எழுதினாள் என்பது இன்று காலை கவுன்சிலிலிருந்து வந்த கடிதத்தில் தெரிந்தது: இல்லம் விலைபோனாலும் மூடினாலும் இருவரும் ஒரே இடத்தில்தான் இருப்பார்கள். வாங்க ஒருவர் வந்திருப்பதாகவும் பேச்சு, ஆகட்டும் பார்க்கலாம்.

அங்கே குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொள். மருமகனையும் குழந்தைகளையும் விசாரித்ததாகச் சொல். நீங்கள் எல்லோரும் சேர்ந்தே, சிரித்தே இருங்கள், அதுதான் எங்கள் ஆசி. மறக்காமல் அம்மாவுக்குப் பெயர் நாடா ஒரு சுருள் அனுப்பு, இருந்ததெல்லாம் என் சட்டைகளிலேயே தீர்ந்துவிட்டது.

இப்படிக்கு,
மேவிஸ் தோர்ப்பின் சொந்தப் பொருள்,
உன் அப்பா எட்வின்